'மறதி' கோப்பிலிருந்து: டெவலப்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உபயோகமான கமாண்டுகளையும் கோட் துண்டுகளையும் பார்க்கும்போதெல்லாம் நோட்ஸ் ஆப்பில் சேமிக்கிறேன். நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன. ஆனால் அவசரத்துக்கு ஒன்றும் அகப்படுவதில்லை, மறுபடி கூகுளில்தான் போய் நிற்கிறேன். வேறு நல்ல ஆப் சொல்லுங்களேன்.

பதில்: ஆப் பாவம், அதை விட்டுவிடுங்கள். உங்கள் குறிப்புகளில் வெறும் கமாண்ட் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கமாண்டின் பெயர் ஞாபகம் இருந்தால் எதற்குத் தேடப்போகிறீர்கள்? அந்த நேரத்தில் மண்டைக்குள் ஓடுவது தொல்லை மட்டும்தான்: 'தப்பான பிராஞ்சில் கமிட் போட்டுவிட்டேன்', 'அந்த போர்ட்டை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது'. குறிப்பின் தலைப்பும் அதே புலம்பலாக இருக்கட்டும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு டெக்ஸ்ட் கோப்பு. பெயர் 'மறதி'. ஃபோல்டர், டேக், வண்ணம் எதுவும் கிடையாது. கிரெப் (கோப்புக்குள் சொல்லைத் தேடும் கமாண்ட்) போட்டால் வந்துவிடும். ஒவ்வொரு குறிப்பிலும் முதலில் புலம்பல், அடுத்து திரையில் எரர் வந்திருந்தால் அந்த வாசகம் எழுத்து மாறாமல், அப்புறம் தீர்வு. கடைசி வரியில் 'இது எங்கே உதவாது'. அந்தக் கடைசி வரியை எழுதத்தான் எல்லாருக்கும் சோம்பல். எனக்கு அதிகம் கைகொடுப்பதும் அதுதான்.

கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பற்றிய ஒரு குறிப்பை அப்படியே தருகிறேன். கமிட் என்பது அதில் ஒரு பதிவு, ஹேஷ் அந்தப் பதிவின் அடையாள எண், பிராஞ்ச் ஒரு கிளை. 'ரீசெட் ஹார்ட் அடித்தபின் கமிட்டைக் காணோம். கிட் ரீஃப்லாக் போடு. தொலைந்த கமிட்டின் ஹேஷ் பட்டியலில் இருக்கும், அதிலிருந்து புது பிராஞ்ச் எடு. உதவாத இடம்: கமிட்டே செய்யாத மாற்றங்கள் இதில் வராது (கிட் ஆட் வரைக்குமாவது போயிருந்தால் கிட் எஃப்எஸ்சிகே-யில் தேடிப் பார்க்கலாம்). ரீஃப்லாக் அந்தந்தக் கணினியில் உள்ள பிரதிக்கு மட்டும் சொந்தம், புதிதாக க்ளோன் செய்து தேடாதே. பிராஞ்சின் இப்போதைய நுனியிலிருந்து எட்ட முடியாத பதிவுகள் இயல்பாக 30 நாளில் காலாவதியாகும், மற்றவை 90 நாளில்.'

கமாண்டை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். பதற்றத்தில் இருக்கும்போது, அடைப்புக்குறிக்குள் இருப்பதும் அந்த 30 நாளும்தான் வேண்டியிருக்கும்.

கேள்வி: மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை 6 மணிக்கு மட்டும் ரிப்போர்ட் ஓட வேண்டும். க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் நிரல்) 0 6 1-7 * 1 என்று கொடுத்தேன். எல்லாத் திங்கட்கிழமையும் ஓடுகிறது, போதாததற்கு 1 முதல் 7 வரை தினமும் ஓடுகிறது. சர்வரில் கோளாறா?

பதில்: சர்வர்மேல் குற்றமில்லை, க்ரானின் விதியே அதுதான். ஐந்து இடங்களும் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசையில் வரும். மற்ற இடங்களுக்கெல்லாம் 'இதுவும் அதுவும் பொருந்தினால்' என்பதே கணக்கு. தேதி, கிழமை இரண்டிலும் நட்சத்திரம் ('எதுவானாலும் சரி' என்ற குறி) இல்லாமல் எண் கொடுத்தால் மட்டும் கணக்கு 'இதுவோ அதுவோ' என்று மாறிவிடும். நீங்கள் எழுதியதை க்ரான் 'தேதி 1 முதல் 7 வரை, அல்லது திங்கட்கிழமை' என்று படிக்கிறது.

க்ரானில் 0 6 1-7 * * என்று தேதியை மட்டும் கொடுங்கள். இன்று திங்களா என்பதை ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே பார்த்து, இல்லையென்றால் வெளியேறிவிடுங்கள். டேட் கமாண்டே கிழமையை எண்ணாகத் தரும்: திங்கள் 1, ஞாயிறு 7. இந்தச் சோதனையை க்ரான்டேப் (க்ரானின் அட்டவணைக் கோப்பு) வரியிலேயே திணிக்க ஆசை வரும். திணித்தால் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது: அங்கே % குறியை க்ரான் புது வரியாக எடுத்துக்கொள்ளும், முன்னால் \ போட்டால்தான் தப்பிக்கலாம். ஸ்கிரிப்ட்டுக்குள் வைத்தால் இந்த வம்பே இல்லை.

காலை 6 மணி என்பது யாருடைய 6 மணி என்றும் பார்த்துவிடுங்கள். நிறைய சர்வர்கள் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில்தான் இருக்கின்றன.

கேள்வி: டெவலப்பர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து கோடை எடுத்து ஒட்டுவது தவறு என்கிறார் எங்கள் டீம் லீட். எல்லாரும் செய்வதுதானே?

பதில்: எடுப்பதில் தவறில்லை, எங்கிருந்து எடுத்தோம் என்பதை அழித்துவிடுவதுதான் தவறு. அங்குள்ள பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. எழுதியவரைக் குறிப்பிட வேண்டும், அதிலிருந்து உருவாக்கியதைப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பது நிபந்தனை. நிறுவனத்தின் கோடில் நீளமான துண்டை ஒட்டுகிறீர்கள் என்றால் உங்கள் சட்டப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

உரிமத்தை விடுங்கள், அந்த இணைப்பால் இன்னொரு லாபமும் உண்டு. பைட் எண்ணிக்கையை மனிதர் படிக்கும்படி கேபி, எம்பி என்று மாற்றித் தரும் ஒரு ஜாவா துண்டு அந்தத் தளத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான ப்ராஜெக்ட்டுகளில் போய் ஒட்டிக்கொண்டது. அதில் பிழை இருப்பதாக 2019-இல் அதை எழுதியவரே விளக்கி எழுதினார். 999,999 பைட் கொடுத்தால் 1.0 எம்பி என்று வர வேண்டிய இடத்தில் 1000.0 கேபி என்று வந்தது. எந்த அலகு என்பதை லாகரிதம் போட்டு முதலிலேயே தீர்மானித்துவிடுகிறது. 999,999 என்பது பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவு, ஆகவே கேபி. அப்புறம் 999.999 என்ற எண்ணை ஒரு தசம இடத்துக்குச் சுருக்கும்போது அது 1000.0 ஆகிவிடுகிறது. அலகைத் தீர்மானித்தபின் எண் வளர்ந்துவிட்டது, ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபங்ஷனுக்கு மேலே கமென்ட்டில் இணைப்பை வைத்திருந்தவர் போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். வைக்காதவருக்குத் தன்னிடம் இருப்பது அந்தத் துண்டுதான் என்பதே தெரியாது. உங்கள் டீம் லீட் பக்கம்தான் என் ஓட்டு.

கேள்வி: கோப்பு அனுமதிகளில் 755, 644 இரண்டும் எப்போதும் குழப்புகின்றன.

பதில்: படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று இலக்கமும் உரிமையாளர், குழு, மற்றவர் என்ற வரிசை. ஃபோல்டருக்கு அந்த 1 இருந்தால்தான் உள்ளேயே நுழைய முடியும், அதனால்தான் ஃபோல்டருக்கு 755, சாதாரணக் கோப்புக்கு 644. 777 பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: பெயரை 20 எழுத்துக்குள் சுருக்கிக் காட்டுகிறோம். தமிழ்ப் பெயர்களில் சில நேரம் கடைசிப் புள்ளி காணாமல் போகிறது. ஏன்?

பதில்: 'தமிழ்' என்று எழுதி நீளம் கேளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டும் பைத்தானும் 5 என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றும் யூனிகோடில் தனித்தனி எண். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். உங்கள் கத்தரி ழ-வுக்கும் புள்ளிக்கும் நடுவில் விழுகிறது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்டல் செக்மென்டர் என்று உண்டு, கிராஃபீம் (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது) கணக்கில் வெட்டச் சொன்னால் 3 என்று சரியாக எண்ணும். பைத்தானில் ரெஜெக்ஸ் என்ற தனி மாட்யூலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உதவாத இடம்: 'க்ஷ' என்பதை இவை க், ஷ என்று இரண்டாகத்தான் எண்ணும். டேட்டாபேஸ் பக்கமும் ஒரு பார்வை வையுங்கள். ஆரக்கிளில் நீளம் 20 என்றால் இயல்பாக அது 20 பைட். தமிழில் ஆறு குறியீட்டுக்கு மேல் கொள்ளாது.

கேள்வி: ஏஐயிடம் கேட்டால் எல்லாத் துண்டும் நொடியில் கிடைக்கிறது. இன்னும் எதற்குக் குறிப்பு?

பதில்: க்ரான் வரிசை, டார் கமாண்டின் ஃப்ளாக் போன்றவற்றை நானும் இப்போது எழுதி வைப்பதில்லை. ஆர்டர் டேபிளில் தேதி ஏன் டெக்ஸ்டாக இருக்கிறது, எந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் எந்த க்யூ நின்றுபோகும் என்பதையெல்லாம் நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. 'மறதி' கோப்பில் இப்போது அதிகம் சேர்வது இந்த வகைதான்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்டில் [1, 10, 9] என்ற அர்ரேயை (பட்டியலை) சார்ட் செய்தால் (வரிசைப்படுத்தினால்) அப்படியே திரும்பி வருகிறதே?

பதில்: ஒன்றும் சொல்லாவிட்டால் சார்ட் எண்களை எழுத்தாக மாற்றித்தான் ஒப்பிடும். எழுத்துக் கணக்கில் 10 என்பது 9-க்கு முன்னால். சார்ட்டுக்குள் (அ, ஆ) => அ - ஆ என்று கொடுங்கள். தமிழ் மாறிப் பெயர்களை ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும், தைரியமாக அப்படியே ஒட்டலாம். உதவாத இடம்: இது மூல அர்ரேயையே கலைத்து அடுக்கிவிடும். பழைய வரிசையும் வேண்டும் என்றால் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.