வீட்டுத் தரையில் தேர் இழுக்கும் ஏஆர் கேம்: எங்கே தொடங்குவது?

கேள்வி: பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறேன். நெல்லையப்பர் கோயிலை வைத்து ஃபோனில் விளையாடும் ஏஆர் (கேமராவில் தெரியும் நிஜ இடத்தின் மேல் உருவங்களைக் காட்டுவது) அல்லது விஆர் (கண்ணை மறைத்து முழுக்க வேறு உலகைக் காட்டுவது) கேம் செய்ய ஆசை. கோயிலுக்கு வருகிறவர்கள் இசைத்தூணுக்கு நேரே ஃபோனைப் பிடித்தால் கதை விரிய வேண்டும் என்பது யோசனை. 8 ஜிபி ரேம் லேப்டாப்பும் 12,000 ரூபாய் ஆண்ட்ராய்டு ஃபோனும் இருக்கின்றன. ஏஆர், விஆர் இரண்டில் எதை எடுக்கலாம்? பயிற்சி மையம் ஒன்றில் 60,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: விஆரை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். ஃபோனை அட்டைப்பெட்டிக்குள் சொருகிக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் கார்ட்போர்டை கூகுள் 2014இல் கொண்டுவந்தது, 2021 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது. அதற்கான மென்பொருள் இன்னும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் உங்கள் கேமை இறக்கிக்கொள்பவர் வீட்டில் அந்தப் பெட்டி இருக்காது. இருந்தாலும், ஃபோன் திரையைக் கண்ணுக்குப் பாதியாகப் பிரித்தால் மலிவு ஃபோனில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கைரோஸ்கோப் (திரும்புவதை உணரும் சென்சார்) இல்லாத ஃபோன் என்றால் தலையைத் திருப்புவதே அதற்குத் தெரியாது. படம் கொஞ்சம் பிந்தினாலும் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆகவே ஏஆர்.

ஆனால் கோயிலுக்குள் வேண்டாம். திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் செல்ஃபோனைத் தடை செய்யும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. வாசலிலேயே ஃபோனை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்கு ஃபோன் கேம் செய்து என்ன பயன்? உள்ளே விட்டாலும் கல்மண்டப இருட்டில் கேமரா திணறும், ஜிபிஎஸ் தடுமாறும்.

கோயிலை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நான் சொல்வது ஆனித் தேரோட்டத்தை. நான்கு ரத வீதிகள் வீட்டுத் தரையில் விரிய வேண்டும். விளையாடுபவர் வடத்தை இழுக்க வேண்டும். இழுப்பது மட்டும் என்றால் இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும். சுவாரசியமே முக்குகளில்தான் இருக்கிறது. வாகையடி முக்கில் தேர் திரும்பும்போது சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டையை எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில் கொடுக்கிறார்கள் என்பதில் தேரின் திசையே இருக்கிறது. விளையாடுபவர் தரையைச் சுற்றி நடந்துவந்து, குனிந்து, சரியான சக்கரத்தடியில் கட்டையை வைக்க வேண்டும் என்று அமையுங்கள். ஃபோனில் இப்படி நடப்பதும் குனிவதும் ஏஆரில்தான் கிடைக்கும். உட்கார்ந்த இடத்திலேயே விளையாடிவிடக்கூடிய கேமுக்கு ஏஆர் எதற்கு?

இனி உங்கள் ஃபோன். ஆண்ட்ராய்டில் ஏஆர் என்றால் கூகுளின் ஏஆர்கோர் என்ற மென்பொருள். ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் போதாது, கூகுள் சோதித்துச் சான்று கொடுத்த மாடலாகவும் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பெயரை மட்டும் பார்க்காமல் மாடலைச் சரியாகப் பாருங்கள், ஒரே வரிசையில் ஒன்று இருக்கும், அடுத்தது இருக்காது. உங்களுடையது பட்டியலில் இல்லையென்றால் வேலையைத் தொடங்கும் முன்பே பட்டியலில் உள்ள பழைய ஃபோன் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சிக் கட்டணத்தைவிட அது நல்ல செலவு.

கேம் செய்ய யூனிட்டி என்ற மென்பொருள் தாராளமாகப் போதும். ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை பெர்சனல் பதிப்பு இலவசம். அதில் ஏஆர் ஃபவுண்டேஷன் என்ற தொகுப்பு இருக்கிறது. அதில் எழுதினால் ஆண்ட்ராய்டின் ஏஆர்கோருக்கும் ஐபோனின் ஏஆர்கிட்டுக்கும் ஒரே நிரல்தான். 8 ஜிபியில் ஓடும், மெதுவாக ஓடும். குரோமை மூடிவிட்டு வேலை செய்யுங்கள். முதல் பில்டுக்கு (ஃபோனில் ஓடும் ஆப்பாக மாற்றுவதற்கு) ரொம்ப நேரம் பிடித்தால் பதற வேண்டாம். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் ஃபோனில் ஏற்றிப் பார்க்கவும் வேண்டாம். எடிட்டருக்குள்ளேயே போலி அறையில் ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கேமரா திறக்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. யூஆர்பி என்ற, யூனிட்டி காட்சியை வரையும் முறையில் திட்டத்தை அமைத்திருந்தால், அதன் ரெண்டரர் அமைப்பில் ஏஆர் பேக்ரவுண்ட் ரெண்டரர் ஃபீச்சரைச் சேர்த்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான். ஏஆர் மொபைல் டெம்ப்ளேட்டில் தொடங்கினால் இந்த வம்பே இல்லை.

நிரல் எழுதுவதைவிடத் தரைதான் உங்களை அதிகம் படுத்தும். ஃபோன் தரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேமரா படத்தில் எடுப்பாகத் தெரியும் மூலைகள், கறைகள், கோடுகள் எல்லாவற்றையும் புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. கை அசையும்போது அந்தப் புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்பதை, ஃபோனின் அசைவை அளக்கும் சென்சார்களின் கணக்கோடு சேர்த்துப் பார்க்கிறது. புள்ளியே இல்லாத இடத்தில் அதற்குக் கண் தெரியாது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வழவழவென்று இழைத்த சிவப்பு சிமென்ட் தரை இருக்கிறதே, அதில் ஏஆர் படுத்துவிடும். புது வீட்டு வெள்ளை டைல்ஸ் இன்னும் மோசம், ஜன்னல் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். அதே சிவப்புத் தரையில் மாக்கோலம் போட்டிருந்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பத்தமடைப் பாயை விரித்துப் பாருங்கள், கோரையின் இழையும் ஓரத்துச் சாயக் கோடுகளும் கேமராவுக்கு நல்ல தீனி. ‘பாயை விரியுங்கள், தேர் வரும்’ என்றே கேமைத் தொடங்கலாம். தரை சரியில்லை என்று மன்னிப்புக் கேட்கும் அறிவிப்பைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் அச்சிட்ட படத்தை வைத்துக்கொள்ளுங்கள். ரத வீதி வரைபடத்தைத் தாளில் அச்சடித்து, அதைக் கேமரா கண்டதும் தேர் எழும்படி செய்யலாம். படம் குறைந்தது 300க்கு 300 பிக்சல் இருக்க வேண்டும். முதன்முறை அடையாளம் காண, கேமரா காட்சியில் கால் பங்கையாவது அது நிரப்ப வேண்டும். படத்தின் தகுதியை 100க்கு மதிப்பெண் போட்டுக் காட்டும் கருவியைக் கூகுளே தருகிறது, 75க்குக் கீழே வந்தால் படத்தை மாற்றுங்கள். ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள் இதில் தோற்கும்.

அளவு விஷயத்தில் கவனம். யூனிட்டியில் ஓர் அலகு ஒரு மீட்டர். தேரை நிஜ உயரத்துக்குச் செய்துவிட்டால் சக்கரம் மட்டும்தான் திரையில் தெரியும். தேரைச் சுருக்கினாலோ வடமும் சக்கரமும் இயங்கும் பௌதிகக் கணக்கு கோளாறாகும். தேரை விட்டுவிட்டு, யூனிட்டியில் ஃபோன் கேமராவைத் தாங்கும் எக்ஸ்ஆர் ஆரிஜின் என்ற பொருளின் அளவைப் பெரிதாக்குங்கள். பார்ப்பவருக்குத் தேர் முழங்கால் உயரத்தில் நிற்கும், கணக்கும் கெடாது. சக்கரத்தடியில் மங்கலான நிழல் ஒன்று போதும், தேர் அந்தரத்தில் மிதக்காமல் தரையில் உட்காரும். சிற்பத்தை நுணுக்கி நுணுக்கி மாடல் செய்வதில் மாதக்கணக்கைக் கழிப்பவர்கள் இந்த நிழலை விட்டுவிடுகிறார்கள். நகாசு வேலையை டெக்ஸ்சரில் (மாடலின் மேல் ஒட்டும் படத்தில்) காட்டிக்கொள்ளலாம்.

கேமராவும் கிராபிக்ஸும் சேர்ந்து ஓடினால் ஃபோன் சுடும், சுட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்துச் சோதியுங்கள், உண்மை தெரியும். ஒரு சுற்று நான்கைந்து நிமிடத்தில் முடியட்டும். அப்புறம் வீட்டில் பெரியம்மா, சித்தி யாரிடமாவது ஃபோனைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் நில்லுங்கள். எங்கே தட்டுவது என்று அவர்கள் உங்களைத் திரும்பிப் பார்க்கும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு திருத்துங்கள்.

பயிற்சி மையத்துக்கு வருவோம். யூனிட்டி நிறுவனமே நடத்தும் யூனிட்டி லேர்ன் பாடங்கள் இலவசம். ஆங்கிலத்தில் இருப்பது சிரமமாக இருந்தால் ஆள் துணை தேவைதான், மறுக்கவில்லை. பணம் கட்டுமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘உங்கள் மாணவர்கள் செய்து பிளே ஸ்டோரில் இருக்கும் ஏஆர் ஆப் ஒன்றை என் ஃபோனில் இறக்கிக் காட்டுங்கள்.’ காட்டினால் யோசிக்கலாம். சான்றிதழைக் காட்டினால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஏஆர் கேம் வேலை என்று தனியாகப் பார்த்தால் குறைவுதான். ஆனால் யூனிட்டியும் அதில் நிரல் எழுதும் சி ஷார்ப் மொழியும் தெரிந்தவருக்குச் சாதாரண மொபைல் கேம், பயிற்சி மென்பொருள், கட்டட மாதிரி என்று வேறு கதவுகள் உண்டு. வேலை தரப்போகிறவர்களுக்குக் காட்ட உங்கள் தேர் ஓடும் ஒரு நிமிட வீடியோ போதும்.

வெளியிடும்போது ‘ஏஆர் ரிக்வயர்ட்’ (ஏஆர் கட்டாயம்) என்பதை விட்டு ‘ஏஆர் ஆப்ஷனல்’ (ஏஆர் கட்டாயமில்லை) என்று வையுங்கள். முன்னதில் ஏஆர்கோர் இல்லாத ஃபோன்காரருக்குப் பிளே ஸ்டோரில் உங்கள் கேம் கண்ணிலேயே படாது. பின்னதில் இறங்கும், அவருக்குச் சாதாரண முப்பரிமாணத்தில் ஓடும்படி செய்துவிடலாம். பிளே கணக்குக்கு ஒரே முறை 25 டாலர். இப்போது புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதனையில் இருந்த பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆனித் தேரோட்டத்தன்று வெளியிட வேண்டும் என்றால், அந்த 12 பேரை வைகாசியிலேயே பிடித்துவையுங்கள். ஐபோன் பதிப்புக்கு மேக் கணினியும் ஆண்டுக்கு 99 டாலரும் வேண்டும். அதை ஆண்ட்ராய்டில் நாலு பேர் விளையாடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.