‘நல்ல கொழுப்பு’ கேப்சூலை நம்பி சர்க்கரை மாத்திரையைக் குறைக்கலாமா?

உடல் பருமனோடு வரும் சர்க்கரை, கல்லீரல் கொழுப்பு போன்றவற்றுக்கு உடம்பிலேயே உருவாகும் சில நல்ல கொழுப்புகள் மருந்தாகுமா, அந்தப் பெயரில் விற்கும் கேப்சூலை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருநாள் மருந்தாகலாம், இன்னும் ஆகவில்லை. கேப்சூலை வாங்க வேண்டாம்.

நான் உயிர்வேதியியல் படித்தவள், கோலாலம்பூர் செந்தூலில் அம்மாவோடு இருக்கிறேன். போன வருடம் தெரிந்த அக்கா ஒருவர் அம்மாவுக்கு இப்படி ஒரு போத்தலை 180 ரிங்கிட்டுக்கு விற்றார். அம்மா யாரிடமும் சொல்லாமல் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு (HbA1c) 7.2-லிருந்து 9.6-க்குப் போனது. ஏன்மா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “கொழுப்பைக் கொழுப்பே கரைச்சிடும்னு சொன்னாங்கம்மா” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போத்தலோடு வந்த நோட்டீஸில் இருந்த அமெரிக்க ஆராய்ச்சி உண்மையானதுதான். பார்பரா கான், ஆலன் சகடேலியன் ஆகியோரின் குழுக்கள் 2014-இல் வெளியிட்டது. சர்க்கரையைச் செல்லுக்குள் இழுக்கும் ஒரு புரதம் கொழுப்புத் திசுவில் கூடுதலாக இருக்கும்படி எலிகளை உருவாக்கியிருந்தார்கள். அந்த எலிகள் குண்டாகத்தான் இருந்தன, ஆனால் ரத்தச் சர்க்கரையை நன்றாகவே சமாளித்தன. ஏன் என்று தேடியபோது, இரண்டு கொழுப்பு அமிலங்கள் சேர்ந்து பிணைந்த, அதுவரை யாரும் கவனிக்காத ஒரு கொழுப்பு வகை அவற்றின் உடலில் சுமார் 16 மடங்கு அதிகமாக இருந்தது. அதில் ஒன்றை வேறு எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை இறங்கியது, இன்சுலினும், அதைச் சுரக்கத் தூண்டும் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனும் கூடுதலாகச் சுரந்தன, கொழுப்புத் திசுவின் அழற்சி தணிந்தது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத மனிதர்களிடம் இந்தக் கொழுப்பு குறைவாக இருப்பதையும் அவர்கள் பார்த்தார்கள். கொழுப்பு என்றாலே எதிரி என்று படித்த எனக்கு இது பெரிய வியப்பு, இன்றும் அந்த ஆராய்ச்சியை மதிக்கிறேன்.

ஆனால் 2018-இல் வேறொரு குழு எலிகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. மனிதர்களுக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை. ஆக, எலியிடம் கண்ட பலனைத்தான் அம்மாவிடம் போத்தலில் அடைத்து விற்றிருக்கிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தக் கொழுப்பில் பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது, செம்பனை எண்ணெயிலும் (பாமாயில்) பால்மிடிக் அமிலம் நிறைய இருக்கிறது. அதனால் செம்பனை எண்ணெயில் பொரித்தால் நல்லது என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். அப்படி இல்லை. உடம்பு தானே கட்டும் ஒரு பொருளின் ஒரு துண்டு எண்ணெயில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, மீன் எண்ணெய்? 15,480 நீரிழிவு நோயாளிகளுக்குத் தினமும் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு 1 கிராம் அல்லது வெறும் ஆலிவ் எண்ணெய் கேப்சூல் கொடுத்து, சராசரியாக 7 ஆண்டுக்கு மேல் பிரிட்டனில் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடியவர்களுக்கு டாக்டர் ஒமேகா-3-ஐ அதிக அளவில் எழுதிக் கொடுப்பது வேறு விஷயம்.

கேப்சூலுக்குப் பதில் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் வாங்குங்கள், ஆனால் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். அம்மா இப்போது அதைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறார்.

வீட்டில் யாராவது ஏற்கெனவே கேப்சூல் சாப்பிடுகிறார் என்றால் திட்டாதீர்கள், திட்டினால் மறைத்துவிடுவார்கள். போத்தலை அப்படியே கிளினிக்குக் கொண்டு போய் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். ‘மால்’ (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். எண் இருந்தாலும் அது நோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று ஆகாது. அப்புறம், எந்த மாத்திரையைக் குறைத்தார்கள், எப்போதிலிருந்து என்பதை அவர்கள் வாயாலேயே டாக்டரிடம் சொல்ல வையுங்கள். அம்மா இதைச் சொன்ன பிறகுதான் டாக்டர் கூடுதலாக ஒரு மருந்து எழுதாமல், பழைய அளவையே திரும்பத் தொடங்கச் சொன்னார்.