வால்வு மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம்: அம்மா எப்போது நடக்கலாம், எப்போது வேலை செய்யலாம்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 51. ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன, இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்து ஐந்து வாரம் ஆகிறது. அப்பா கட்டிலை விட்டே இறங்க விடமாட்டேன் என்கிறார். அம்மாவுக்கோ சமையலறைக்குள் போகாமல் இருப்புக் கொள்ளவில்லை. நடைப்பயிற்சி, வீட்டு வேலை, ஸ்கூட்டி எல்லாம் எப்போது? பழனிக்கு வேண்டுதல் வேறு இருக்கிறது.

பதில்:

எனக்கும் அதே வால்வுதான், அதே காரணம்தான். வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், டாக்டர் இல்லை. அதனால் நான் சொல்வதும் அம்மாவின் சர்ஜன் சொல்வதும் மாறினால் சர்ஜன் சொல்வதைக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் இரண்டு பேருமே பாதி சரி. அம்மாவின் கால் வேலை செய்ய வேண்டும், கை ஓய்வெடுக்க வேண்டும். அப்பா இரண்டையும் நிறுத்தப் பார்க்கிறார், அம்மா இரண்டையும் ஆரம்பிக்கப் பார்க்கிறார்.

கைக்கு ஏன் தடை? நெஞ்செலும்பை நடுவில் நீளவாக்கில் அறுத்துத்தான் இதயத்தைத் தொடுகிறார்கள். முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் இறுக்கிக் கட்டி மூடுகிறார்கள். கம்பி உள்ளேயே இருந்துவிடும், ஆனால் எலும்பு நன்றாக ஒட்ட எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும். கை உடைந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்சுக்கு அது முடியாது, மூச்சு விட வேண்டுமே. மேலே தையல் காய்ந்து தழும்பு சுத்தமாக இருப்பதைப் பார்த்து உள்ளேயும் ஆறிவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது. (விலா ஓரமாகச் சின்ன ஓட்டை போட்டோ, தொடை ரத்தக்குழாய் வழியாகவோ வால்வு வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் சீக்கிரமே எழுந்துவிடுவார்கள். அவர்களோடு அம்மாவை ஒப்பிடாதீர்கள்.)

நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பார்கள். நம் வீடுகளில் யார் எடை பார்த்துத் தூக்குகிறார்கள்? ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்தாலே பத்து கிலோவைத் தாண்டிவிடும். சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பதைத் தொடும். எடைகூடத் தெரிந்துவிடும். தெரியாமல் மாட்டிக்கொள்வது இழுக்கிற, அழுத்துகிற வேலைகளில்தான்: நனைந்த போர்வையைப் பிழிவது, துருப்பிடித்த கேட்டை இழுப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, தேங்காய் துருவுவது, இறுகிப்போன பாட்டில் மூடியைத் திருகுவது. இதில் எதையும் நாம் ‘வேலை’ என்றே எண்ணுவதில்லை. ஆனால் எல்லாமே நெஞ்சு நடுவில் இருக்கும் அந்தக் கோட்டைத்தான் இழுக்கும்.

அதற்காகக் கையைக் கட்டிப்போடவும் வேண்டாம். அப்படி வைத்தால் தோள்பட்டை இறுகிக்கொள்ளும், அப்புறம் ஜடை பின்னவே வலிக்கும். முழங்கை விலாவை ஒட்டி இருக்கிற வேலைகள் எல்லாம் பரவாயில்லை. கீரை ஆய்வது, துணி மடிப்பது, நாற்காலி போட்டு உட்கார்ந்து பருப்பு தாளிப்பது. காய் நறுக்கலாம், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஓடுகிறது, அரிவாள்மணையை விட்டுவிட்டுச் சின்னக் கத்தி போதும். அம்மா சமையலறைக்குப் போகட்டும், கூட ஒருவர் குக்கர் தூக்க இருக்கட்டும். அந்த ஒருவர் அப்பாவாக இருந்தால் அவருக்கும் ஒரு வேலை ஆயிற்று.

கட்டிலிலிருந்து எழுவதை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். வார்டில் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்திருப்பார், வீட்டுக்கு வந்ததும் பாதிப் பேர் மறந்துவிடுகிறோம். ஒருக்களித்துப் படுத்து, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் அந்தக் கனத்திலேயே உடம்பு நிமிரும். யாராவது கையைப் பிடித்துத் தூக்கிவிடுவதுதான் தப்பு. பாசத்தில் செய்வார்கள், தடுத்துவிடுங்கள். தரையில் உட்கார்ந்தால் எழும்போது உள்ளங்கையை ஊன்றித்தான் ஆக வேண்டும், அதனால் இப்போதைக்கு நாற்காலிதான். கழிப்பறைக்கும் அதே கதை. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கக் கூடாது. இருமலோ தும்மலோ வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும்.

இனி கால். படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், தசை கரையும். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மூன்று பந்து இருக்கிற கருவி ஒன்று கொடுத்திருப்பார்கள். பலர் அதை ஊதிக்கொண்டிருக்கிறார்கள், அது உறிஞ்ச வேண்டியது. நடை என்றால் சமதளத்தில், சாப்பிட்ட உடனே இல்லாமல், வெயிலுக்கு முன்னால். இப்போது காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் சிரமமில்லாமல் நடக்கிறார் என்றால் நாலு நாளைக்கு ஒரு முறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்கிற நிலைக்கு வந்தால் அது நல்ல இடம். வேகத்தைக் கூட்டுவது அதற்கப்புறம்தான்.

தயவுசெய்து ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிட்டால் நாடித்துடிப்பு வழக்கம்போல ஏறாது. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால், மைட்ரல் வால்வுக்காரர்கள் பலருக்கு அப்படித்தான் இருக்கும், வாட்ச் காட்டும் எண்ணை நம்பவும் முடியாது. இதைவிட வாய்ப் பேச்சு நல்ல அளவுகோல். நடந்துகொண்டே கூட வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? சரியான வேகம். ரெண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குகிறதா? குறைக்க வேண்டும்.

நெஞ்சில் எலும்பு ‘கடக்’ என்று நகர்கிற மாதிரி இருந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறிக் கால் வீங்கினாலோ நடையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். மயக்கம், முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது என்றால் போன்கூட வேண்டாம், நேராக எமர்ஜென்சி.

காரணமில்லாமல் அழுகை வரும், தூக்கம் வராது. ராத்திரி அமைதியில் வால்வு டிக் டிக் என்று கேட்கும். என்னுடையது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை மருத்துவ நிறுவனத்தில் உருவாக்கிய சித்திரா வால்வு. 1990-இலிருந்து நம் நாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேர்வு அறை மேற்பார்வையில் முன்பெஞ்சுப் பையன் என் வாட்ச் எங்கே என்று தேடியிருக்கிறான். சத்தம் பழகிவிடும். அழுகையும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஸ்கூட்டிக்கு மூன்று மாதம் முழுசாக முடியட்டும். ஓட்டுவதைவிட சென்டர் ஸ்டாண்ட் போடுவதும், திடீர் பிரேக்கும்தான் ஆபத்து. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் அதுவரை கூடாது, உட்கார இடம் கிடைத்தால் போகலாம். நான் பள்ளிக்குத் திரும்பியபோது கரும்பலகையின் மேல்பாதியில் பிள்ளைகள்தான் எழுதினார்கள்.

மூன்று மாதம் தாண்டி, எக்கோ பார்த்து டாக்டர் சரி என்றதும் எலும்பின் ஆட்சி முடிந்துவிடும். அதற்கப்புறம் அதிகாரம் மாத்திரைக்கு. ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற அசிட்ரோமோ வார்ஃபரினோ, மெட்டல் வால்வு இருக்கும்வரை நிறுத்த முடியாது. மைட்ரல் இடத்தில் ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்கச் சொல்வார்கள். ரத்தம் வந்தால் சீக்கிரம் நிற்காது, அதனால் இனி கேட்க வேண்டியது ‘இதயம் தாங்குமா’ என்பது மட்டும் இல்லை, ‘விழுந்தால் என்ன ஆகும்’ என்பதும்தான். வேக நடை, சைக்கிள், நீச்சல், ஷட்டில் எல்லாம் மெல்ல மெல்ல வரலாம். மோதி விழுகிற விளையாட்டு வேண்டாம். எடை தூக்குவதானால் சின்ன எடை, மூச்சை அடக்காமல். யோகாவில் சிரசாசனமும் மூச்சை உள்ளே நிறுத்துகிற பிராணாயாமமும் வேண்டாம் என்பது என் கருத்து. தலையில் அடிபட்டால் வெளியே காயமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உடம்பு வலி என்று மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக், புரூஃபன் வாங்கிப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற ஆபத்து. அசிட்ரோமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். டாக்டரிடம் கேட்டுப் பாரசிட்டமால் போட்டுக்கொள்ளட்டும். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், ஆனாலும் கீரையை நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் தினமும் முருங்கை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் வால்வு மாற்றியாயிற்றே என்று அதையும் விட்டுவிடாதீர்கள்.

பழனிக்கு இப்போதைக்குப் பாதயாத்திரை எண்ணமே வேண்டாம். மூன்று மாதச் செக்கப் நல்லபடியாக முடிந்தால் கூட்டமில்லாத ஒரு வார நாளில் போங்கள், வின்ச்சில் ஏறலாம். வீட்டு மாடிப்படி இரண்டு மாடி நிற்காமல் ஏறி, மேலே போய்ப் பேச முடிகிறவரை மலைப்படிக்கு ஆசைப்பட வேண்டாம். எப்போது போனாலும் மாத்திரைப் பட்டையும் கடைசி ஐ.என்.ஆர் சீட்டும் அம்மாவின் இடுப்புப் பையில் இருக்கட்டும், உங்கள் பையில் வேண்டாம். அங்கே கூட்டத்தில் ஆள் பிரிவது சகஜம்.