ஏப்ரல் மாத மெட்ஸ்: எதை எண்ணுவது, எதை விடுவது

கேள்வி: நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி மேல் எனக்குப் பித்துப் பிடித்தது 2024 அக்டோபரில். ஊரில் இருந்தவரை ஐபிஎல் மட்டும்தான் பார்ப்பேன். இப்போது சீசன் தொடங்கிய முதல் மாதத்திலேயே களைத்துப்போகிறேன். நாலு ஆட்டம் தோற்றால் தூக்கம் போய்விடுகிறது. நாலு ஜெயித்தால் கோப்பையே கைக்கு வந்த மாதிரி மிதக்கிறேன். வேலைக்கும் போய், ஆறு வயதுப் பையனையும் பார்த்துக்கொண்டு, வாரத்துக்கு ஆறு ஆட்டத்தை எப்படித் தொடர்வது? ஏப்ரலில் உண்மையில் எதைத்தான் கவனிக்க வேண்டும்? பையனை மைதானத்துக்கு அழைத்துப் போகவும் ஆசை.
— ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது மெட்ஸ் அல்ல, ஐபிஎல் பழக்கம். அங்கே லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம். இங்கே 162. ஐபிஎல்லில் ஒரு தோல்விக்கு இருக்கும் கனம் இங்கே ஏறக்குறைய பதினோரு பன்னிரண்டு தோல்விகளுக்குச் சமம். நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்றாலும் ஒரு ஐபிஎல் ஆட்டத்தில் பாதிகூட ஆகவில்லை.

இதைச் சொன்னதும் ‘அப்படியானால் ஏப்ரல் ஆட்டத்தைக் கண்டுகொள்ளவே வேண்டாமா’ என்று கேட்பீர்கள். அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஏப்ரல் வெற்றி பட்டியலில் முழு வெற்றியாகவே ஏறும். செப்டம்பர் வெற்றியைவிட அதற்கு மதிப்பு ஒரு துளியும் குறைவில்லை. ஆனால் அந்த அணி எப்படிப்பட்டது என்பதற்கு அது நம்பகமான சாட்சி ஆகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் களைப்பு தீரும்.

உங்கள் அணியே இதற்கு உதாரணம். 2024-இல் மெட்ஸ் முதல் ஐந்து ஆட்டத்தையும் தோற்றது. ஜூன் 2 அன்று கணக்கு 24 வெற்றி, 35 தோல்வி. அதே அணி மிச்ச ஆட்டங்களில் 65 ஜெயித்து, 38 தோற்று, 89-73 என்று முடித்து, நேஷனல் லீக் இறுதித் தொடர்வரை போனது. மறு வருடம் கதை தலைகீழ். 2025 ஜூன் 12 அன்று 45-24; அன்றைக்கு மொத்த லீகிலும் அதுதான் முதலிடம். அதன் பிறகு 38-55. முடிவில் 83-79, பிளேஆஃப் வாய்ப்பே போனது. இரண்டு வருடத்திலும், தொடக்கத்தைப் பார்த்து அணியை எடைபோட்டவர்கள் ஏமாந்தார்கள்.

இதன் மறுபக்கமும் அதே இரண்டு வருடங்களில் இருக்கிறது. 2024-இல் மெட்ஸ், அட்லான்டா, அரிசோனா மூன்றுமே 89-73. இப்போதெல்லாம் சமநிலையை உடைக்க 163-ஆவது ஆட்டம் கிடையாது. 2022 முதல் அந்த அணிகள் தங்களுக்குள் மோதியதில் யார் கை ஓங்கியது என்று பார்த்துத் தீர்க்கிறார்கள். அரிசோனா வெளியே போனது. அந்த வருட மெட்ஸின் முதல் வெற்றி ஏப்ரல் 4 அன்று, டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒரே நாளில் ஆடிய இரண்டு ஆட்டங்களில் (டபுள்ஹெடர்) இரண்டாவதில், 2-1 என்று வந்தது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் பீட் அலான்சோ ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார், டைரோன் டெய்லர் முடித்துவைத்தார். அந்த ஓர் ஆட்டம் கைநழுவியிருந்தால் மெட்ஸ் 88-74. நீங்கள் பித்துப் பிடித்துப் பார்த்த அந்த அக்டோபரே இருந்திருக்காது. 2025-இலோ சின்சினாட்டியும் மெட்ஸும் 83-79 என்று சமமாக நின்று, நேருக்கு நேர் கணக்கில் சின்சினாட்டி உள்ளே போனது. ஆகவே ஏப்ரலில் ஒரு வெற்றிக்குத் துள்ளிக் குதியுங்கள், தப்பே இல்லை. அதை வைத்து அணியைக் கணிக்காதீர்கள், அவ்வளவுதான்.

கணக்கு எவ்வளவு ஆடும் என்பதற்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். வெற்றியும் தோல்வியும் சரிபாதியாக வரும் தரமுள்ள ஓர் அணி, வெறும் அதிர்ஷ்டத்தின் போக்கில், 20 ஆட்டத்தில் 8 முதல் 12 வெற்றிவரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். நான்கில் மூன்று தடவை அப்படித்தான் நடக்கும். எட்டில் ஒரு தடவை ஏழோ அதற்குக் குறைவோ ஜெயித்துப் பரிதாபமாகத் தெரியும். அணியின் தரம் கொஞ்சமும் மாறியிருக்காது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் ரன் வித்தியாசம். அடித்த ரன், கொடுத்த ரன் இரண்டும் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அடித்த ரன்னின் வர்க்கத்தை, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி ஜெயித்திருக்க வேண்டிய விகிதம் வரும். பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் சொன்ன பழைய வழி இது, இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. 20 ஆட்டத்தில் 96 ரன் அடித்து 80 கொடுத்த அணி என்று வையுங்கள்: 9216-ஐ 15616-ஆல் வகுத்தால் 0.59, அதாவது கிட்டத்தட்ட 12 வெற்றி. அந்த அணி 9-11 என்று நின்றால் ஒற்றை ரன் ஆட்டங்களைத் தோற்றிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது நேராகிவிடும். ஆனால் ஒரே நாளில் 15-1 என்று விழுந்த ஓர் ஆட்டம் இந்தக் கணக்கைக் கோணலாக்கும் என்பதால், 40 ஆட்டம் ஆகும்வரை அப்படிப்பட்ட ஒன்றிரண்டைத் தள்ளிவிட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஆட்டக்காரர்கள். ரசிகர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். டிவியில் பெரிய எழுத்தில் வரும் பேட்டிங் ஆவரேஜ்தான் (அடிக்க முயன்ற தடவைகளில் எத்தனை ஹிட், அதாவது பேட்டரை பேஸில் சேர்த்த அடி, என்ற விகிதம்) ஏப்ரலில் எதற்கும் உதவாத எண். ஒரு பேட்டரின் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) விகிதம் சுமார் 60 தடவை அவர் பிளேட்டுக்கு, அதாவது அடிக்க, வந்தாலே ஓரளவு நம்பும்படி ஆகிவிடும். வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) விகிதத்துக்குச் சுமார் 120 தடவை, ஹோம் ரன் விகிதத்துக்கு 170. பேட்டிங் ஆவரேஜுக்கு 900-ஐத் தாண்ட வேண்டும். தினமும் ஆடும் ஒருவர் ஒரு முழு சீசனிலேயே 600, 700 தடவைதான் பிளேட்டுக்கு வருவார்! ஆட்டத்துக்கு நாலு தடவை என்றால், ஏப்ரல் நடுவில் ஸ்ட்ரைக் அவுட்டைப் பற்றிப் பேசலாம், மாதக் கடைசியில் வாக்கைப் பற்றிப் பேசலாம். ஆவரேஜைப் பற்றிப் பேசுவதை அடுத்த வருடத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

ஒருவர் ஏன் அடிக்கவில்லை என்று பார்க்க இரண்டு இடம் உண்டு. ஒன்று பேபிப்: ஹோம் ரன்னையும் ஸ்ட்ரைக் அவுட்டையும் நீக்கிவிட்டு, களத்துக்குள் அடித்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆனது என்ற விகிதம். லீக் சராசரி .290-ஐ ஒட்டி இருக்கும். ஒருவருக்கு .210 என்றால், பந்து நேராக ஃபீல்டர் கையில் போய் விழுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் பந்தை எவ்வளவு பலமாக அடிக்கிறார் என்றும் பார்த்துவிடுங்கள். அதற்கு இரண்டாவது இடம், பேஸ்பால் சவான்ட் தளத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இருக்கும் பக்கம். மணிக்கு 95 மைலும் அதற்கு மேலும் வேகத்தில் கிளம்பிய பந்துகளின் விகிதத்தைப் பாருங்கள். வேகம் இருந்து ஹிட் மட்டும் வரவில்லை என்றால் பொறுமை போதும். 2025-இல் வான் சோட்டோவுக்கு நடந்தது இதுதான். 76.5 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு வந்தவர், மே முடிவில் ஆவரேஜ் .240-ஐக்கூடத் தொட்டிருக்கவில்லை, சொந்த மைதானத்திலேயே கூச்சல். பந்தோ பலமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சீசன் முடிவில் 43 ஹோம் ரன், 38 ஸ்டீல் (பிட்சர் வீசும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). பந்தின் வேகமும் குறைந்து ஸ்ட்ரைக் அவுட்டும் கூடியிருந்தால் கதை வேறு, அப்போது கவலைப்படுங்கள். காயத்தை மறைத்துக்கொண்டு ஆடுபவர்களிடம் இந்த இரண்டும் சேர்ந்தே வரும்.

பிட்சர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது ஃபாஸ்ட்பாலின் வேகம். அதைச் சென்ற செப்டம்பரோடு ஒப்பிடாதீர்கள், சென்ற ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். குளிரில் எல்லோருக்குமே ஒரு மைல் போலக் குறைந்திருக்கும், வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். ஏப்ரலுக்கு ஏப்ரல் இரண்டு மைல் குறைந்தால் அது நல்ல அறிகுறி அல்ல. குளிர் பேட்டரையும் பாதிக்கும். வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால், வேலிவரை போகும் பந்து சுமார் 3 அடி குறைவாகப் போகும். ஜூலையில் வேலியைத் தாண்டும் அடி ஏப்ரல் இரவில் வேலியோரம் கேட்ச் ஆகும்.

புல்பென்னை, அதாவது மாற்றாக வந்து வீசும் ரிலீவர்களின் கூட்டத்தை, மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டுத் தொடருங்கள். சீசன் தொடக்கத்தில் ஆட்டம் எங்கே கைவிட்டுப் போகிறது என்று இதுதான் காட்டும். முதல் இரண்டு மூன்று வாரம் ஸ்டார்ட்டர்களை (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களை) 75 முதல் 90 பந்துக்குள் நிறுத்திவிடுவார்கள். ஐந்தாவது இன்னிங்ஸோடு அவர் இறங்கினால் மிச்ச நான்கு இன்னிங்ஸையும் ரிலீவர்கள்தான் சுமக்க வேண்டும். ஒரு ரிலீவர் தொடர்ந்து இரண்டு நாள் வீசினாலோ முந்தின இரவு 25 பந்துக்கு மேல் வீசினாலோ பெரும்பாலும் அன்று வரமாட்டார். 26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மழையால் தள்ளிப்போன ஆட்டம் டபுள்ஹெடராக வந்தால் அந்த வாரமே வறண்டுவிடும். அதனால்தான் எட்டாவது இன்னிங்ஸில் யாரென்றே தெரியாத ஒருவர் வந்து நிற்கிறார். மேனேஜருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று திட்டும் முன் முந்தைய இரண்டு நாள் பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஆட்டத்தின் எண் சுருக்கத்தை, பாருங்கள்.

இதற்கெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆட்டத்துக்கு ஒரு வரி: ரன் கணக்கு, ஸ்டார்ட்டர் எத்தனை இன்னிங்ஸ், எத்தனை பந்து, எந்த ரிலீவர் எத்தனை பந்து. ஐந்து நிமிட வேலை. பத்து நாளில் புல்பென்னின் நிலைமை உங்களுக்கே பிடிபடும். மறுநாள் ஏழாவது இன்னிங்ஸில் யார் வருவார் என்று சொல்லிவைத்துப் பார்க்கும்போது, தோற்கிற ஆட்டத்திலும் ஒரு சுவாரஸ்யம் இருக்கும்.

நேரத்துக்கு வருவோம். ஓர் ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணிக்குள் முடிகிறது. 2023-இல், பிட்சர் வீச வேண்டிய நேரத்தை அளக்கும் பிட்ச் கடிகாரம் வந்ததன் புண்ணியம். அப்படியும் 162 ஆட்டம் என்றால் 400 மணி நேரத்துக்கு மேல். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் மே மாதத்திலேயே வெறுத்துவிடும். ஆட்டங்கள் பெரும்பாலும் மூன்று மூன்றாகத் தொடராக வரும். ஒரு தொடருக்கு ஓர் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஸ்டார்ட்டர் வீசும் நாளாக அதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னோர் ஆட்டத்தைச் சமைக்கும்போதோ காரிலோ ரேடியோவில் கேளுங்கள். ஃபிலடெல்ஃபியா, அட்லான்டா, மயாமி, வாஷிங்டன் நாலும் உங்கள் பிரிவு அணிகள். ஒவ்வொன்றோடும் வருடத்துக்கு 13 ஆட்டம் என்பதால் சமநிலை வந்தால் அந்த ஆட்டங்கள்தான் பேசும். அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். கலிஃபோர்னியா பயணத்தில் ஆட்டம் உங்கள் நேரம் இரவு பத்தை ஒட்டித்தான் தொடங்கும். விழித்திருக்க வேண்டாம். மறுநாள் காலையில் பத்து நிமிடச் சுருக்க வீடியோ வந்திருக்கும்.

சந்தா வாங்கும் முன் ஒரு விஷயம். எடிசன் மெட்ஸின் உள்ளூர்ப் பகுதிக்குள் வருகிறது. லீகின் சொந்தச் சந்தாவான எம்எல்பி டிவி வாங்கினாலும் மெட்ஸ் ஆட்டம் நேரலையில் தெரியாது. ஆட்டம் முடிந்து சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திறக்கும். நேரலைக்கு, மெட்ஸ் ஆட்டங்களைக் காட்டும் எஸ்என்ஒய் சேனல் வரும் வழி ஏதாவது வேண்டும். அப்போதும் சில ஆட்டங்கள் தேசிய ஒளிபரப்புக்குப் போய்விடும். ஆடியோ சந்தாவுக்கு இந்தத் தடை கிடையாது, விலையும் குறைவு. உங்கள் நிலைமைக்கு முதலில் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பட்டியல் பார்க்கும்போது தோல்விப் பத்தியைப் பாருங்கள். மழையால் அணிகள் ஆடிய ஆட்டங்கள் ஏப்ரலில் சமமாக இருக்காது. ஆடாத ஆட்டத்தை இனிமேல் ஜெயிக்கலாம், தோற்றதை மாற்ற முடியாது. அதையும் வாரத்துக்கு ஒருமுறை, திங்கள் காலையில் பார்த்தால் போதும். அணியைப் பற்றி முதல் தீர்ப்பை மே கடைசியில், 50 ஆட்டம் தாண்டியபின் எழுதுங்கள், பென்சிலால். 2019-இல் வாஷிங்டன் 50 ஆட்டம் முடிந்தபோது 19-31. அந்த வருட வேர்ல்ட் சீரிஸ் கோப்பை அவர்களுக்குத்தான். அணியை நடத்துகிறவர்களே ஜூலை கடைசியையொட்டி வரும் டிரேட் கெடுவரை (ஆட்டக்காரர்களை அணிகள் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) முடிவெடுக்கக் காத்திருக்கிறார்கள்.

பையனை அழைத்துப் போக ஏப்ரல் இரவு ஆட்டம் வேண்டாம், டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும். சிட்டி ஃபீல்ட் ஃப்ளஷிங் விரிகுடாவை ஒட்டி இருக்கிறது. மேல் அடுக்கில் அந்தக் காற்று ஆறு வயதுப் பிள்ளையை மூன்றாவது இன்னிங்ஸிலேயே அழவைத்துவிடும். சனி அல்லது ஞாயிறு பகல் ஆட்டமாக, வெயில் விழும் பக்கத்துக் கீழ் அடுக்கில் எடுங்கள். எடிசனிலிருந்து என்ஜே டிரான்சிட்டில் பென் ஸ்டேஷன், அங்கிருந்து லாங் ஐலண்ட் ரயிலில் மெட்ஸ்–வில்லெட்ஸ் பாயின்ட் சுமார் இருபது நிமிடம். 7-ஆம் எண் ரயிலைவிட இது வேகம், சிறுவனோடு போக வசதி. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று உடுப்பு, காதை மூடும் தொப்பி, மடியில் போட்டுக்கொள்ள ஒரு போர்வை. மழை முன்னறிவிப்பைக் காலையிலேயே பாருங்கள். தள்ளிப்போனால் டிக்கெட்டை என்ன செய்வார்கள் என்ற விதியையும் வாங்கும்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.