பேராசிரியர் ஏன் பதில் போடுவதில்லை?

கேள்வி: கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுக் குழுவில் சேர 20 பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பியும் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. எங்கே தவறு?

பதில்: ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருப்பீர்கள். முதல் வரியிலேயே அது தெரிந்துவிடும். மூன்று பேர் போதும். ஒவ்வொருவரும் சமீபத்தில் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் படித்து, நிரல் பொதுவில் இருந்தால் இறக்கி ஓட்டிப் பாருங்கள். முதல் முறை பெரும்பாலும் ஓடாது; அது பயன்படுத்தும் லைப்ரரிகளின் (ஆயத்த நிரல் தொகுப்புகளின்) பதிப்பு மாறியிருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு, ‘அட்டவணை 2-இல் உள்ள எண்ணைவிட எனக்குக் குறைவாக வருகிறது, ரேண்டம் சீட் காரணமா?’ என்று கேளுங்கள். (நிரலின் தற்செயல் எண்கள் தொடங்கும் மதிப்புதான் ரேண்டம் சீட்; அது மாறினால் முடிவும் சற்று மாறும்.) அப்படி ஒரு கேள்வியை ஒதுக்கித்தள்ள யாருக்கும் மனம் வராது. கடிதம் பத்து வரியைத் தாண்ட வேண்டாம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதையும் எழுதுங்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் வேலை நகராது. பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு சரி.

அமெரிக்காவில் படிப்பவர் என்றால், தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நிதி தரும், இளங்கலை மாணவர்களுக்கான ஆர்.இ.யூ. (REU) கோடைக்கால ஆய்வுத் திட்டங்களைப் பாருங்கள். பலவற்றுக்கு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். அந்த நிதியிலிருந்து உதவித்தொகை பெற அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கணினித் துறையின் ஆசிரியர் பணிக்குப் பெண்கள் விண்ணப்பிப்பதே அபூர்வம். தேர்வுக் குழுவில் என்ன மாற்றலாம்?

பதில்: பணி விளம்பரத்தில் கணினி அறிவியலின் ஒரே ஒரு உட்பிரிவை மட்டும் கேட்காதீர்கள், விண்ணப்பிக்கக் கூடியவர்களின் வட்டம் அங்கேயே சுருங்கிவிடும். ஆனால் தேர்வுக் குழு கடைசிப் படிதான். ஆசிரியர் பணிக்கு வருகிறவர் முதலில் முனைவர் படிப்பில் சேர வேண்டும். அங்கே இடம் கிடைக்க, மாணவி ஆய்வு செய்ததை நேரில் கண்டவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ‘வகுப்பில் முதலிடம்’ என்ற கடிதம் அங்கே எடுபடாது. ஆய்வு வாய்ப்போ, வகுப்பு முடிந்ததும் மேசைக்கு வந்து பேசுகிறவர்களுக்கே போகிறது. கூச்சப்படுகிறவரும், மாலையில் பகுதிநேர வேலைக்கு ஓடுகிறவரும் கண்ணில் படுவதே இல்லை.

ஆகவே, உங்கள் ஆய்வுக் குழுக்களில் உள்ள இடங்களை எல்லாருக்கும் ஒரே நாளில் அறிவியுங்கள். உண்மையில் தேவைப்படும் முன்னறிவை மட்டும் கேளுங்கள். ஊதியம் கொடுங்கள், சம்பளமில்லாத ஆய்வு வசதியுள்ளவர்களையே வடிகட்டித் தரும். சேர்ந்த பிறகு வேலை பிரிப்பதையும் கவனியுங்கள். மாணவிக்குத் தரவுக்கு லேபிள் போடுவதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும், மாணவனுக்கு மாடல் கட்டுவதும் என்று யாரும் திட்டமிடாமலே பிரிந்துவிடும். ஆறு மாதம் கழித்துப் பரிந்துரைக் கடிதம் எழுத உட்காரும்போது, அவளைப் பற்றி ‘பொறுப்பானவர்’ என்பதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்காது.