லாக்கை அழித்தால் பில் குறையுமா?

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்தின் செயலி அமேசான் கிளவுடில் ஓடுகிறது. பில்லில் கிளவுட்வாட்ச் லாக்ஸ் (செயலி எழுதும் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சேவை) என்ற வரி மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. ஆரம்பத்திலிருந்து சேர்ந்த லாக் எல்லாம் அப்படியே கிடக்கிறது. லாக் குரூப்புகள் (லாக்கைச் சேர்த்து வைக்கும் தொகுப்புகள்) நூற்றுக்கணக்கில் இருப்பதால் கையால் அழித்து மாளாது. பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதி மொத்தமாக அழித்துவிடலாமா?

பதில்: அழிக்கலாம். ஆனால் பில் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குக் குறையுமா என்பது சந்தேகம். லாக் உள்ளே வரும்போது ஒரு கட்டணம், உள்ளே கிடப்பதற்கு மாதாமாதம் ஒரு கட்டணம் என்று இரண்டு இடத்தில் பிடிக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா வட்டார விலைப்பட்டியலில் சாதாரண லாக் ஒரு ஜிபி உள்ளே வர 50 சென்ட். அதை ஒரு மாதம் வைத்திருக்க 3 சென்ட்தான், அதுவும் சுருக்கிய அளவுக்கு. பில்லை விரித்துப் பாருங்கள். 'டேட்டாபிராசஸிங்' என்ற சொல் வருகிற வரி பெரிதாக இருந்தால், பழையதை அழித்துப் பெரிய பயன் இல்லை. யாரோ பிழை தேடுவதற்கான விரிவான டீபக் லாக்கை அணைக்க மறந்திருப்பார்கள், முதலில் அதை அணையுங்கள். 'டைம்டுஸ்டோரேஜ்' வரி பெரிது என்றால் ஸ்கிரிப்ட் எழுதுவதில் அர்த்தம் உண்டு.

அப்போதும், அழிக்கிற கட்டளையைவிட 'புட் ரிடென்ஷன் பாலிசி' என்ற கட்டளைதான் நல்லது என்பேன். கிளவுட்வாட்சில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் லாக் காலாவதியே ஆகாது. இத்தனை நாள் போதும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்கு மேல் பழையது தானாகப் போய்விடும். உயிரோடு இருக்கும் லாம்டாவின் (அழைக்கும்போது மட்டும் ஓடும் சிறு நிரல்) லாக் குரூப்பை அழித்தீர்கள் என்றால், அடுத்த முறை அது ஓடும்போது அதே பெயரில் காலாவதி இல்லாத குரூப் மறுபடி முளைத்துவிடும். லாம்டாவையே நீக்கிய பிறகு அநாதையாகக் கிடக்கும் குரூப்புகளை மட்டும் 'டெலீட் லாக் குரூப்' போட்டு அழியுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது பட்டியல் எடுக்கும் இடத்தில். 'டிஸ்கிரைப் லாக் குரூப்ஸ்' ஒரு தடவைக்கு 50 பெயர்தான் தரும். போட்டோ3யில் (boto3, பைத்தானிலிருந்து அமேசான் கிளவுடை இயக்கும் நூலகம்) பக்கம் பக்கமாக எடுத்துத் தரும் பேஜினேட்டர் வைக்காவிட்டால் முதல் 50 குரூப்போடு வேலை முடிந்துவிடும், பிழைச் செய்தியும் வராது. ரிடென்ஷன் பாலிசியின் நாள் கணக்கிலும் இஷ்டத்துக்கு எண் போட முடியாது. 30, 60, 90 ஏற்கும், 45 போட்டால் பிழை வரும். அப்புறம், போட்டோ3யின் கிளையன்ட் ஒரு ரீஜனை (வட்டாரத்தை) மட்டும் பார்க்கும் என்பதால், பயன்படுத்துகிற எல்லா ரீஜனுக்கும் சுற்றி வரவேண்டும்.

முதல் ஓட்டத்தில் எதையும் அழிக்காமல், பெயரையும் 'ஸ்டோர்டு பைட்ஸ்' என்ற சேமிப்பு அளவையும் மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நாலைந்து குரூப்பிலேயே பெரும்பங்கு அடைந்து கிடக்கும். பாலிசி போட்ட மறுநாளும் பழைய லாக் கிடக்கிறதே என்று பதறாதீர்கள். காலாவதியான லாக் உண்மையில் அழிய 72 மணி நேரம் வரை ஆகலாம், ஆனால் காலாவதி என்று குறித்த நேரத்திலிருந்தே சேமிப்புக் கட்டணம் கிடையாது.

அழித்தது திரும்ப வராது, குப்பைத் தொட்டி மாதிரி எதுவும் இல்லை. கார்டு மூலம் பணம் வாங்குகிற நிறுவனம் என்றால் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டு பாதுகாப்பு விதிப்படி தணிக்கை லாக் 12 மாதம் இருக்கவேண்டும், கடைசி 3 மாதத்தையாவது உடனே எடுத்துப் பார்க்க முடியவேண்டும். அந்தக் குரூப்புகளைத் தனியாக ஒதுக்கிவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவரின் போன் எண் தவறுதலாக லாகில் பதிவாகிவிட்டது. அந்த ஒரு வரியை மட்டும் அழிக்க முடியுமா?

பதில்: கிளவுட்வாட்சில் முடியாது. அந்த வரி இருக்கும் லாக் ஸ்ட்ரீமை (குரூப்புக்குள் இருக்கும் ஒரு பதிவுத் தொடர்) முழுதாக அழிக்கலாம், அல்லது குரூப்பையே அழிக்கலாம். கூகுள் கிளவுடிலும் தனி வரியை எடுக்க வழியில்லை. மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடில் உள்ள லாக் அனலிடிக்ஸில் 'பர்ஜ்' என்ற அழிப்புக் கட்டளை (ஏபிஐ) உண்டு. நிபந்தனை கொடுத்தால் பொருந்துகிற வரிகளை நீக்கும், முடிய 30 நாள் வரை ஆகலாம். கிளவுட்வாட்சில் போன் எண்ணின் வடிவத்தைச் சொல்லி 'டேட்டா புரொடெக்ஷன் பாலிசி' போட்டால் இனி வரும் எண்களை மறைத்துக் காட்டும், ஏற்கெனவே பதிவானதைத் தொடாது. எண்ணை லாகில் எழுதுகிற அந்த நிரல் வரியை இன்றே நீக்கிவிடுங்கள், பிறகு ஸ்ட்ரீமை அழிக்கலாம்.

கேள்வி: அஷூரில் பர்ஜ் செய்தும் பில் குறையவில்லையே?

பதில்: குறையாது. பர்ஜ் தனியுரிமைக்காக வைத்தது, சேமிப்புக் கட்டணத்தை அது மாற்றாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. லாக் டேபிளின் ரிடென்ஷன் (வைத்திருக்கும்) நாட்களைக் குறைத்தால்தான் அந்தக் கட்டணம் இறங்கும்.