தோள்பட்டை இறுக்கத்துக்கு எலாஸ்டோகிராபி எடுக்க வேண்டுமா?

வேளச்சேரியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை. 4 மாதமாக இடது கையால் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை, கொண்டை போடவும் கை எழவில்லை, எலாஸ்டோகிராபி என்ற ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரமில்லை. ஃப்ரோசன் ஷோல்டரை, அதாவது இந்தத் தோள்பட்டை இறுக்கத்தை, முதலில் கண்டுபிடிப்பது டாக்டரின் கைதான். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்புவார். அவரே பிடித்துத் திருப்பியும் நகராமல் நின்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். மூட்டுத் தேய்மானமா என்று பார்க்க ஒரு எக்ஸ்ரே.

சரி, எலாஸ்டோகிராபி? சாதாரண அல்ட்ராசவுண்ட் திசுவின் உருவத்தைக் காட்டும். இது விறைப்பை அளக்கும். ஷியர் வேவ் முறையில் கருவி திசுவுக்குள் ஒரு மெல்லிய அதிர்வைக் கிளப்பி, அது பரவும் வேகத்தைப் பார்க்கிறது. விறைப்பான திசுவில் அலை வேகமாக ஓடும். தோளின் முன்பக்கத்திலுள்ள கோரகோஹியூமரல் தசைநார் இந்த நோயில் தடித்து விறைக்கும். அதை அளந்து நல்ல தோளோடு ஒப்பிடுகிறார்கள். கை இருக்கும் நிலை சற்று மாறினாலே அளவும் மாறும். ரிப்போர்ட்டில் உள்ள ஒற்றை எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை. ஆனாலும் என்னைக் கேட்டால், அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்கு வையுங்கள். அப்புறம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் அதிகம் வரும். அம்மாவின் சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.